சொல்லும் பிற்றும்: செய்தி வீதத்தை அளந்த வரலாறு

தோற்றுவாய்

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை நால்வகைப்படுத்திக் கூறுவது தமிழ் இலக்கண மரபு. தேங்காயை எண்ணினர், பொன்னை நிறுத்தனர், நெல்லை முகந்தனர், நிலத்தையும் துணியையும் நீட்டி அளந்தனர். ஆனால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் செய்தியை இந்நான்கனுள் எதனால் அளப்பது? கையிற் கொள்ளவும் தராசில் வைக்கவும் ஆகாத ஒன்றை அளந்து, அதற்கு விலையும் விதித்து, 'செக்கனுக்கு இத்தனை' என்று விற்கும் நிலைக்கு உலகம் எவ்வாறு வந்தது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சி பொறியியலார்க்கு மட்டும் உரியதன்று. சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வாழும் தோட்டத் தமிழ் மக்களுக்கு அலகு என்பது ஏட்டுச் சுரைக்காய் அன்று, அன்றாட வாழ்வேயாகும். கொழுந்து நிறுக்கும் தராசின் முன்னே பல தலைமுறைகளாக நின்றவர்கள் அவர்கள். முள் எந்தக் கோட்டில் நின்றது, கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கழிக்கப்பட்டது, இறாத்தல் கிலோவாக மாறியபோது கணக்கு எவ்வாறு மாறியது என்பனவற்றை அறிந்தவன் தன் கூலியைத் தானே சரிபார்த்தான். அறியாதவன் பிறர் எழுதிய தொகையை ஏற்றுக்கொண்டான். இன்று அம்மக்களின் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கும் புதிய பண்டம் தரவு. அதன் தராசிற் பொறிக்கப்பட்டுள்ள அலகுகளை அவர்கள் வாசிக்க வல்லரா என்பதே நம்முன் உள்ள வினா.

புறாவும் கம்பியும்

ஈழத்தில் இவ்வரலாறு காலித் துறைமுகத்தில் தொடங்குகின்றது எனலாம். கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிக்கு 1875ஆம் ஆண்டிலேதான் அடிக்கல் நாட்டப்பெற்றது. அதற்கு முன்னர் ஐரோப்பாவிலிருந்து வந்த தபாற் கப்பல்கள் பெரும்பாலும் காலியிலேயே நங்கூரமிட்டன. இலண்டன் சந்தையிற் கோப்பி என்ன விலைக்குப் போயிற்று என்பதை அறியக் கொழும்பு வணிகரும் தோட்டத் துரைமாரும் காலி வீதியையே பார்த்துக்கொண்டிருந்தனர். 'கொழும்பு ஒப்சேவர்' என்னும் பத்திரிகை 1850ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டது. கப்பல் கொண்டுவந்த செய்தியின் சாரத்தை மெல்லிய தாளில் எழுதி, புறாவின் காலிற் கட்டிப் பறக்கவிட்டனர். காலியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 72 மைல். குதிரை வண்டி வந்து சேருமுன் புறா வந்து சேர்ந்தது.

அதே 1850ஆம் ஆண்டில், பின்னர் உலகப் புகழ் பெற்ற செய்தி நிறுவனத்தை நிறுவிய யூலியஸ் ரொய்ட்டர் என்பார், ஜெர்மனியின் ஆகன் நகருக்கும் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகருக்கும் இடையே தந்திக் கம்பி இல்லாத இடைவெளியைப் புறாக்களைக் கொண்டே நிரப்பினார் என்பது ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. ஐரோப்பாவின் நடுவிலும் ஈழத்தின் தென்கரையிலும் ஒரே காலத்தில் ஒரே உபாயம் கையாளப்பட்டது.

புறாவின் ஆட்சி நீடிக்கவில்லை. 1858ஆம் ஆண்டின் தொடக்கத்திற் காலிக்கும் கொழும்புக்கும் இடையே மின்தந்திச் சேவை தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே மன்னார்க் கரையையும் இந்தியாவையும் இணைக்கும் கடலடிக் கம்பியும் இடப்பெற்றது. இதிலே வரலாற்று மாணவர் கருதவேண்டிய முரண் ஒன்றுண்டு. கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் தோணியேறி அதே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகப் பல நாள் நடந்து மலைநாட்டை அடைந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். முதலாளியின் செய்தி நிமிடங்களிற் கடந்த தூரத்தைத் தொழிலாளியின் கால்கள் வாரக்கணக்கிற் கடந்தன. செய்தியின் விரைவு எல்லார்க்கும் ஒரே நாளில் வந்து வாய்ப்பதன்று என்பதற்கு இது முதற் சான்று.

சொல் என்னும் அலகு

தந்தி வந்தவுடன் அதன் திறனை அளக்க ஓர் அலகு வேண்டியதாயிற்று. யாவரும் அறிந்த அலகு ஒன்று கைவசம் இருந்தது, அதுவே சொல். 'நிமிடத்திற்கு இத்தனை சொற்கள்' என்று கம்பியின் திறனையும், அதனை இயக்கியவரின் கைத்திறனையும் ஒருங்கே அளந்தனர்.

இவ்வலகைக் கொண்டு பார்க்கும்போது அக்காலத்தின் ஏற்றத்தாழ்வு நன்கு புலனாகும். 1858ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அத்திலாந்திக் கடலடியில் இடப்பெற்ற முதற் கம்பியின் வழியாக விக்டோரியா மகாராணியார் அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய வாழ்த்திலே 98 சொற்கள் இருந்தன. அவற்றை அனுப்பி முடிக்க ஏறத்தாழ 16 மணி நேரம் ஆயிற்று. அஃதாவது ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம். சில வாரங்களில் அக்கம்பி முற்றாகப் பழுதடைந்தது. 1866ஆம் ஆண்டில் வெற்றியுடன் இடப்பெற்ற கம்பியோ நிமிடத்திற்கு எட்டுச் சொற்கள் வரை அனுப்ப வல்லதாயிருந்தது. கடல் ஒன்றே, செம்புக் கம்பியும் மின்னும் அவையே. கம்பியின் தடிப்பும் காப்புறையும் அதனை இயக்கும் முறையுமே மாறின. எனவே, மின் விரைந்து ஓடுவது வேறு, அதன்மேல் எத்தனை சொற்களை ஏற்றலாம் என்பது வேறு என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது.

ஆயினும் சொல் என்னும் அலகு அறிவியலார்க்குப் பயன்பட்டதைக் காட்டிலும் கட்டணம் வாங்குவோர்க்கே மிகுதியும் பயன்பட்டது. தந்திக்குக் கூலி சொல்லுக்குச் சொல் கணக்கிடப்பட்டது. வணிகர் இதனை விரைவில் வென்றனர். 1873ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஏ.பி.சி.' குறியீட்டு நூலைப் போன்ற ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு முழு வாக்கியத்தின் பொருளை ஒரே சொல்லில் அடக்கி அனுப்பினர். கூலி ஒரு சொல்லுக்கு. சென்றதோ ஒரு வாக்கியம். நிலையத்தார் எண்ணிய சொல்லும் அனுப்பியவர் கருதிய செய்தியும் ஒன்றல்ல என்பதை அறிஞர் எழுதுமுன் வணிகர் அறிந்திருந்தனர்.

தோட்ட லயங்களிலே நிலை வேறு. அங்கே தந்தி என்றால் பெரும்பாலும் சாவு அல்லது சாவுக்கு அண்மையான நோய். தந்திச் சேவகனைக் கண்டதும் அழத்தொடங்கியவர்கள் உண்டு. தாய் நோயுற்றாள், உடனே புறப்படுக என்னும் பொருளில் நான்கைந்து சொற்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில், வேறொருவர் எழுதித் தர, வேறொருவர் வாசித்துச் சொல்ல வேண்டிய நிலையில் வந்தன. தம் துயரத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு கொடுத்தவர்கள் அச்சொற்களை எண்ணிப் பார்க்கும் நிலையிலும் இருக்கவில்லை. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது இக்கடலின் இருகரையிலும் நினைவுகூரப்பட்டவற்றுள் இவ்வச்சமும் ஒன்று.

போட் என்னும் அலகு

சொல் என்பது நீளத்தில் ஒரு நிலைப்படாதது. அதனைத் திருத்த முற்பட்டோர் 'பாரிஸ்' என்னும் நகரின் பெயரை ஆங்கில எழுத்துக்களில் எழுதி, அதனையே ஒரு மாதிரிச் சொல்லாகக் கொண்டனர். மோர்ஸ் குறியீட்டில் ஒரு புள்ளியின் நேரத்தை ஓர் அலகாகக் கொண்டால், ஒரு கோட்டுக்கு மூன்று அலகு. எழுத்துக்களுக்கும் சொற்களுக்கும் இடையேயுள்ள வெறுமைக்கும் தனித்தனி அலகுகள். இவ்வாறு எண்ணினால் அம்மாதிரிச் சொல் சரியாக 50 அலகு கொள்ளும். நிமிடத்திற்கு 20 சொல் அனுப்புவோன் 1,000 அலகு அனுப்புகின்றான். அஃதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 17 அலகு. சொல்லை எண்ணுவதை விட்டுத் துடிப்பை எண்ணும் முறை இவ்வாறு தோன்றிற்று.

இம்முறையை முழுமையாக்கியவர் எமில் போதோ என்னும் பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளர். மோர்ஸ் குறியீட்டில் எழுத்துக்கள் சமமல்ல. ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்துக்கு ஒரு புள்ளி போதும், வேறு சில எழுத்துக்களுக்கு நான்கு குறிகள் வேண்டும். போதோ 1874ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற முறையிலோ ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்தே துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் இருநிலையுள் ஒன்றாக இருக்கும். ஆதலின் 32 வேறுபட்ட குறிகளை அமைக்கலாம். எல்லா எழுத்தும் சம நீளமுடையனவாயின், மனிதக் கைக்குப் பதிலாகப் பொறியே எழுதவும் வாசிக்கவும் இயலும். அவர் பெயரின் முற்பகுதியைக் கொண்டு, செக்கனுக்கு ஒரு துடிப்பு என்னும் அலகுக்குப் 'போட்' என்று 1920களிற் பன்னாட்டுத் தந்தி அறிஞர் பெயரிட்டனர்.

பின்னர் உலகெங்கும் வழங்கிய தொலையச்சுப் பொறி 50 போட் வீதத்தில் இயங்கியது. ஓர் எழுத்துக்குத் தொடக்கத் துடிப்பு ஒன்று, எழுத்துத் துடிப்பு ஐந்து, முடிவுத் துடிப்பு ஒன்றரை, ஆக ஏழரை. ஐம்பதை ஏழரையால் வகுத்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 6.7 எழுத்து, நிமிடத்திற்கு 400 எழுத்து, இடைவெளியோடு ஆறெழுத்து ஒரு சொல்லாயின் நிமிடத்திற்கு 66 சொல். மாணவர் இக்கணக்கைத் தாமே ஒருமுறை செய்து பார்த்தல் நன்று. ஏழரைத் துடிப்பில் இரண்டரைத் துடிப்பு செய்தியன்று. செய்தியைக் காவிச் செல்லும் செலவு. அளவையிற் கூடையின் நிறையும் சேர்ந்தே வருகின்றது என்பதை இது காட்டும்.

பிற்றின் தோற்றம்

துடிப்பை எண்ணுதல் செய்தியை எண்ணுதலாகுமா? அமெரிக்கத் தொலைபேசி ஆய்வுகூடங்களிற் பணியாற்றிய நைக்விஸ்ற் 1924ஆம் ஆண்டிலும், ஹாட்லி 1928ஆம் ஆண்டிலும் இவ்வினாவை ஆராய்ந்தனர். 1948ஆம் ஆண்டில் அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த குளோட் ஷனன் இதற்கு முடிந்த விடை கூறினார். ஆம் அல்லது அன்று என்னும் சமவாய்ப்புள்ள இரண்டனுள் ஒன்றைத் தெரிவிப்பதே செய்தியின் மிகச் சிறிய கூறு. அதற்குப் 'பிற்று' என்னும் பெயரைச் சூட்டியவர் தம் நண்பர் ரூக்கி என்று ஷனன் தம் கட்டுரையிலேயே குறித்துள்ளார்.

போட்டுக்கும் பிற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுவே: ஒரு துடிப்பு இருநிலையுள் ஒன்றாயின் அது ஒரு பிற்றைச் சுமக்கும், நான்கு நிலையுள் ஒன்றாயின் இரண்டு பிற்றைச் சுமக்கும், பதினாறு நிலையுள் ஒன்றாயின் நான்கு பிற்றைச் சுமக்கும். தொலைபேசிக் கம்பி வழியே கணினிகளை இணைத்த மொடெம் கருவிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்று. 1960களின் தொடக்கத்தில் வந்த கருவியில் 300 போட் 300 பிற்றாகவே இருந்தது. 1980களில் வந்த ஒருவகைக் கருவியோ 600 போட் வீதத்தில் இயங்கி, ஒரு துடிப்புக்கு நான்காகச் செக்கனுக்கு 2,400 பிற்று அனுப்பிற்று. அதனை '2,400 போட்' என்று விளம்பரஞ் செய்தோர் பலர். அலகின் பெயர் பிழைத்தது. வாங்கினோரும் அதனை வினவவில்லை.

ஷனன் மற்றோர் உண்மையையும் நிறுவினார். எந்தப் பாதைக்கும் கடக்க முடியாத ஓர் உச்ச வரம்பு உண்டு. அதனைப் பாதையின் பட்டை அகலமும், இரைச்சலினும் குறிகை எத்தனை மடங்கு வலிது என்பதும் சேர்ந்து வரையறுக்கும். 3,000 ஹேட்ஸ் அகலமுள்ள தொலைபேசிப் பாதையில் குறிகை இரைச்சலினும் ஆயிரம் மடங்கு வலிதாயின், வரம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 30,000 பிற்று. இலங்கையில் 1995ஆம் ஆண்டில் வர்த்தக இணையச் சேவை தொடங்கியபோது மொடெம் கருவிகள் இவ்வரம்பின் அருகே நின்றன. ஒரு முனையை முற்றிலும் இலக்க முறையில் அமைத்து இரைச்சலைக் குறைத்தமையாலேயே 1998ஆம் ஆண்டின் நியமம் 56,000 பிற்று வரை உயர இயன்றது. இன்று மலைச்சரிவின் மறைவிலுள்ள லயத்திற் கைத்தொலைபேசியின் வீதம் தாழ்வதற்கும் இதுவே காரணம். கோபுரத்திலிருந்து வரும் குறிகை மலையால் நலிகின்றது, இரைச்சலோ நலிவதில்லை.

இப்பொழுது காலிப் புறாவையும் பிற்றால் அளக்கலாம். அது 200 சொற்களைச் சுமந்தது என்றும், எழுத்துக்கு ஐந்து பிற்று என்றும், பறக்க 100 நிமிடம் ஆயிற்று என்றும் கொள்வோம். 6,000 பிற்று 6,000 செக்கனில் வந்தது. வீதம் செக்கனுக்கு ஒரு பிற்று. நிமிடத்திற்கு 20 சொல் அனுப்பும் தந்தியோ செக்கனுக்கு 10 பிற்று. 2009ஆம் ஆண்டு செப்ரெம்பரில் தென்னாபிரிக்காவில் வின்ஸ்ரன் என்னும் புறா 4 கிகாபைற்று நினைவுச் சில்லு ஒன்றைச் சுமந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர் பறந்தது. பறந்த நேரமும், சில்லிலுள்ளதைக் கணினிக்கு மாற்றிய நேரமும் சேர்ந்து இரண்டு மணி ஏழு நிமிடம். அந்நேரத்தில் அங்கிருந்த இணைய இணைப்பு அதே தரவில் நூற்றுக்கு நான்கு பங்கையே அனுப்பியிருந்தது. கணக்கிட்டால் அப்புறாவின் வீதம் செக்கனுக்கு 42 இலட்சம் பிற்று. 1850இன் புறாவும் 2009இன் புறாவும் பறந்த விரைவு ஏறத்தாழ ஒன்றே, சுமையே வேறு. ஆதலின் 'இணைய வேகம்' என்று வழக்கிற் கூறப்படுவது உண்மையில் வேகமன்று, வீதம். அனுப்பிய செய்தியின் முதற் பிற்று வந்து சேர எடுக்கும் நேரம் தாமதம். பின்னர் செக்கனுக்கு எத்தனை வந்து சேர்கின்றன என்பது வீதம். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை.

எட்டின் மயக்கம்

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பெருங்கணினி ஒன்றை வடிவமைத்த குழுவைச் சேர்ந்த வேர்ணர் புக்ஹோல்ஸ் என்பார், ஓர் எழுத்தைக் குறிக்கும் பிற்றுத் தொகுதிக்குப் 'பைற்று' என்று பெயரிட்டார். நாளடைவில் எட்டுப் பிற்று ஒரு பைற்று என்பது நிலைபெற்றது. கணினியின் களஞ்சியத்தை அமைத்தோர் பைற்றில் எண்ணினர். தந்தி மரபில் வந்த தொடர்பாடற் பொறியியலார் பிற்றில் எண்ணினர். இரு மரபும் ஒரே கைத்தொலைபேசியினுள் இன்று சந்தித்துள்ளன. இணைப்பின் வீதம் பிற்றிலும், மாதத்திற்குரிய தரவின் அளவு பைற்றிலும் கூறப்படுகின்றன.

இதன் விளைவு எட்டு மடங்கு மயக்கம். செக்கனுக்கு 100 மெகாபிற்று என்பது செக்கனுக்கு 12.5 மெகாபைற்றே. 1,000 மெகாபைற்றுள்ள ஒரு கோப்பினைச் செக்கனுக்கு 8 மெகாபிற்று வீதத்தில் இறக்கினால் 1,000 செக்கன், அஃதாவது 16 நிமிடம் 40 செக்கன் ஆகும். 125 செக்கனில் முடியும் என்று எண்ணியவன் ஏமாற்றமடைவான். ஆங்கிலத்தில் பிற்றைச் சிறிய எழுத்தாலும் பைற்றைப் பெரிய எழுத்தாலும் சுருக்கி எழுதுவர். அம்மொழியிலும் இது நுண்ணிய வேறுபாடே. தமிழிலோ எழுத்துக்களிற் பெரியது சிறியது என்னும் பகுப்பே இல்லை. எனவே 'எம்.பி.' என்று தமிழில் அச்சிடும்போது எட்டு மடங்கு வேறுபட்ட இரு அலகுகள் ஒன்றாய் விடுகின்றன. வீதத்தின் சுருக்கத்தை முழுமையாய் எழுதினாலோ அது மருத்துவப் பட்டத்தின் பெயராய் முடியும்! ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழ் ஒலியிற் பெயர்த்து எழுதுதல் இவ்விடத்திற் பொருளையே அழிக்கின்றது.

ஆயிரம் என்னும் எண்ணிலும் ஒரு சிறு மயக்கம் உண்டு. கணினியார் இரண்டின் அடுக்கான 1,024ஐயும் 'கிலோ' என்று வழங்கினர். 1998ஆம் ஆண்டிற் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணைக்குழு அதற்குக் 'கிபி', 'மெபி' முதலிய தனிப்பெயர்களை வகுத்தது. வீதத்தைக் கூறுமிடத்துக் கிலோ என்பது எப்பொழுதும் ஆயிரமே.

தமிழெழுத்தின் சுமை

அலகு எல்லா மொழிக்கும் நடுநிலையானதா? கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைற்று. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஏழு பிற்று. ஆதலின் 160 எழுத்து அடங்கும். தமிழில் எழுதினால் ஒவ்வொரு குறிக்கும் 16 பிற்று. ஆதலின் 70 குறியே அடங்கும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. 'அம்மா' என்னும் சொல்லில் நம் இலக்கணப்படி எழுத்து மூன்று. ஒருங்குறி முறையிலோ அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என ஐந்து குறிகள். இணையத்தில் வழங்கும் முறையில் ஒரு குறிக்கு மூன்று பைற்றாகப் 'அம்மா' 15 பைற்று கொள்ளும். அதனையே ஆங்கில எழுத்தில் எழுதினால் நான்கு பைற்று.

தந்திக் காலத்தில் தமிழன் தன் துயரத்தை ஆங்கிலச் சொல்லில் அனுப்பினான். குறுஞ்செய்திக் காலத்தில் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அனுப்பினான். இரண்டுக்கும் பின்னால் நின்றது அலகின் விலை. படமும் பேச்சும் பெருகிய இக்காலத்தில் எழுத்தின் சுமை மிகச் சிறிது. தமிழிலே எழுதுவதற்குத் தரவின் செலவு தடையாகாது என்பதையும் இதே கணக்கே காட்டும். ஒரு மெகாபைற்றிலே மூன்று இலட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்க் குறிகள் அடங்கும்.

வாய்க்காலும் குளமும்

வீதத்திற்கும் அளவிற்கும் உள்ள தொடர்பை எம்பிலிப்பிட்டியில் வாழ்வோர்க்கு விளக்குதல் எளிது. வளவை கங்கையை மறித்து 1960களிற் கட்டப்பெற்ற உடவளவை நீர்த்தேக்கத்தின் வாய்க்கால்களே இப்பகுதியின் உயிர்நாடி. வாய்க்காலில் ஓடும் நீரைச் செக்கனுக்கு இத்தனை கன அடி என்று அளப்பர். தேக்கத்தில் நிற்கும் நீரை ஏக்கர் அடியில் அளப்பர். செக்கனுக்கு ஒரு கன அடி ஒரு நாள் முழுதும் ஓடினால் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் அடி நீர் சேரும். வாய்க்காலின் கணக்கையும் குளத்தின் கணக்கையும் எந்த விவசாயியும் ஒன்றெனக் கொள்ளான். தரவிலும் அவ்வாறே. மெகாபிற்று வாய்க்காலின் அளவு; கிகாபைற்று குளத்தின் அளவு. செக்கனுக்கு ஒரு மெகாபிற்று ஒரு நாள் முழுதும் ஓடினால் 10.8 கிகாபைற்று சேரும்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இக்கணக்கின் பொருள் தோட்டப் பெற்றோர்க்குத் தெரிந்தது. நாற்பது நிமிடப் பாடங்கள் ஐந்து ஒரு நாளில் நடைபெறுகின்றன என்றும், ஒளிபரப்பு செக்கனுக்கு ஒரு மெகாபிற்றுக் கொள்கின்றது என்றும் வைப்போம். 12,000 செக்கன், 12,000 மெகாபிற்று, அஃதாவது 1.5 கிகாபைற்று. இருபது நாளில் 30 கிகாபைற்று. இரு பிள்ளைகள் உள்ள வீட்டில் 60. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம் இதனைத் தாங்குமா? ஆசிரியர் காணொலியை நிறுத்திக் குரலையும் எழுத்தையும் மட்டும் அனுப்பியிருப்பின் இத்தொகை பன்மடங்கு சுருங்கியிருக்கும். இக்கணக்கைப் போடாத ஆசிரியரும், போட அறியாத பெற்றோரும் ஒருவரையொருவர் நொந்துகொண்டனர். பிள்ளைகளோ குறிகை தேடி மேட்டிலும் பாறையிலும் ஏறினர்.

நாட்டின் கரையிலே தரவுக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2016ஆம் ஆண்டு டிசெம்பரிற் பயன்பாட்டுக்கு வந்து மாத்தறையிற் கரையேறும் கடலடி ஒளிநார் வடம் செக்கனுக்கு 24 டெராபிற்றுக் கொள்ளளவுடன் வடிவமைக்கப்பட்டது. அது பல நாடுகளுக்குப் பொதுவாயினும், கணக்கிற்காகக் கூறின், தலைக்கு 4 மெகாபிற்றாக அறுபது இலட்சம் பேர்க்குப் பங்கிடலாம். ஆனால் கடலிலிருந்து நகருக்கும், நகரிலிருந்து கோபுரத்துக்கும், கோபுரத்திலிருந்து லயத்துக்கும் வரும் பாதையில் மிக ஒடுங்கிய பகுதி எதுவோ அதுவே நமக்குக் கிடைக்கும் வீதத்தை முடிவு செய்யும். கோபுரமொன்று செக்கனுக்கு 100 மெகாபிற்று வழங்கி, 50 பேர் ஒரே வேளையில் அதனைப் பயன்படுத்தினால் தலைக்கு இரண்டே. வாய்க்காலின் கடைக்கோடி வயலுக்கு நீர் எட்டாமையும் இதுவும் ஒரு நியாயமே. '100 மெகாபிற்று வரை' என்னும் விளம்பரத்தில் 'வரை' என்பது எல்லையைக் குறிக்கும் சொல். அது மேலெல்லையைக் கூறிற்றேயன்றிக் கீழெல்லை எதனையும் உறுதி கூறவில்லை. இலக்கணம் கற்ற மாணவன் இதனை நொடியில் அறிவான். அறிந்தபின் கீழெல்லை யாது என்று கேட்கவும் வேண்டும்.

முடிவுரை

புறாவின் தாள், தந்தியின் சொல், போதோவின் துடிப்பு, ஷனனின் பிற்று, களஞ்சியத்தின் பைற்று என அலகுகள் மாறிவந்த வரலாற்றைக் கண்டோம். ஒவ்வோர் அலகும் அதனை வகுத்தோரின் தேவைக்கு ஏற்பப் பிறந்தது. வாங்குவோரின் தேவைக்கென்று ஓர் அலகும் வகுக்கப்படவில்லை. ஆதலின் வாங்குவோன் பிறர் வகுத்த அலகைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்ளக் கற்றல் இன்றியமையாதது.

தமிழில் எழுதுவோரும் கற்பிப்போரும் 'எம்.பி.' என்னும் மயக்கச் சுருக்கத்தை விடுத்து, மெகாபிற்று, மெகாபைற்று என முழுச் சொல்லாகவே எழுதுதல் வேண்டும். நம் எழுத்தில் இல்லாத வேறுபாட்டை நம் சொல்லிலே காட்டலாம். கணித ஆசிரியர் வீதமும் காலமும் பற்றிய பாடத்தில் நீர்த்தொட்டியும் குழாயும் பற்றிய பழைய கணக்குகளோடு பிற்றும் பைற்றும் பற்றிய கணக்குகளையும் சேர்த்தல் வேண்டும். தமக்குக் கிடைக்கும் வீதத்தை மாணவர் காலையிலும் மாலையிலும் இரவிலும் அளந்து, நாளும் நேரமும் இட்டு ஒரு கொப்பியிற் குறித்துவைத்தல் நன்று. 'இணையம் மெதுவாக உள்ளது' என்னும் முறைப்பாட்டைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கொண்டுசென்றால் அது ஒரு மனக்குறை மட்டுமே. 'இன்ன நாளில், இன்ன நேரத்தில், செக்கனுக்கு இத்தனை மெகாபிற்றே கிடைத்தது' என்று எழுதினால் அது சான்று.

தராசின் முள்ளை வாசிக்கக் கற்ற தலைமுறை தன் கூலியைக் கேட்டுப் பெற்றது. தரவின் அலகை வாசிக்கக் கற்கும் தலைமுறை தன் கல்விக்குரிய பங்கைக் கேட்டுப் பெறும்.